ஹார்லிக்ஸ் வராத வீடு

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால், அன்று விளக்கு வைப்பதற்குள் அவர் தலைமாட்டில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஒரு பை சாத்துக்குடியும் சேர்ந்துவிடும். குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்தவரானாலும், டெங்குக் காய்ச்சலில் படுத்தவரானாலும், சத்துவாச்சாரி சாலையில் வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவரானாலும் இந்த முறை மாறுவதில்லை. பார்க்க வருகிறவர் கட்டில் ஓரத்தில் அமர்ந்து, எந்த டாக்டர், எத்தனை தையல், எவ்வளவு செலவு என்று ஒவ்வொன்றாக விசாரித்து, தன் மாமியாருக்கு இதே நோய் வந்து போன கதையையும் சொல்லி முடித்துத்தான் எழுந்திருப்பார். 2022 ஏப்ரலில் என் சின்னம்மா மகன் கணியம்பாடி வட்டாரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பியபோது அப்படி ஒரு பாட்டில்கூட வரவில்லை. அவன் உயிரை விட முயன்று, காப்பாற்றப்பட்டவன்.

எப்படி முயன்றான் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் நன்மையில்லை. ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் ஒருவருக்குத் தீங்கு நேரலாம். அவனை நான் தம்பி என்றே அழைப்பேன், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். மூன்று நாள் கழித்து உறவினர்கள் வரத்தான் செய்தார்கள், ஆனால் வெறுங்கையோடு வந்தார்கள், வந்த கையோடு திட்டினார்கள். "பெத்தவள ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியாடா?" என்று பெரியப்பா கேட்டார். "உனக்கு இன்னாடா கொறச்சல்?" என்று அத்தை கேட்டார். தம்பி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சாவு வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி, யாரைக் கட்டிக்கொண்டு அழுவது, எத்தனையாம் நாள் போவது, எதைக் கையில் எடுத்துச் செல்வது என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. செத்துப் பிழைத்தவன் வீட்டுக்கு எப்படிப் போவது என்பதற்கு மட்டும் யாரும் நமக்கு முறை சொல்லித் தரவில்லை.

நான் இருபது ஆண்டுகளாக அஞ்சலக சேமிப்பு முகவராக இருக்கிறேன். ஊர்க்காரர்களுக்கு 'ஆர்.டி. அக்கா'. மாதம் பிறந்தால் கணியம்பாடி, பாகாயம், ஓட்டேரி என்று வீடு வீடாகப் போய்ப் பணத்தை வாங்கி, அட்டையில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்திட்டு, மொத்தமாக அஞ்சலகத்தில் கட்டுவது என் வேலை. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுகிறவர்கள் சித்திரை மாதத்து மத்தியானத்தில் என்னோடு ஒரு நாள் சுற்றினால் அந்தக் கேலியிலும் கொஞ்சம் கருணை இருந்திருக்கிறது என்பதை உணர்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாதத்துக்கு ஒரு முறை நானூறு வீடுகளின் வாசலில் நிற்கிற எனக்கு, ஒரு வீட்டில் ஏதோ சரியில்லை என்பது பெரும்பாலும் அந்த வீட்டாருக்கு முன்பே தெரிந்துவிடும் என்ற கர்வம் இருந்தது.

அந்தக் கர்வம் உடைந்த கதை இது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தம்பி தன் ஆர்.டி. பாஸ்புத்தகத்தோடு என் வீட்டுக்கே வந்தான். "நாமினி பேர அம்மா பேருக்கு மாத்திடுக்கா" என்றான். அவன் மனைவி பிரிந்து போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது, ஷூ கம்பெனி வேலை நின்றிருந்தது, தண்டல்காரர் தினமும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார், மாலையானால் குடி. இவை எல்லாமும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மனைவி பெயரை எடுக்கச் சொல்கிறான், இயல்புதானே என்று நினைத்துக்கொண்டு படிவத்தை நானே நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். எழுந்து போகும்போது, "உனுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்க்கா" என்று சொன்னான். வாழ்க்கையில் அவன் அப்படிப் பேசியதே இல்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டேன். வேறெதையும் கேட்கவில்லை.

பிறகு அவனை முதலில் கொண்டுபோன தனியார் மருத்துவமனையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. உயிரைக் காப்பாற்றியவர்கள், அதற்கு நன்றி. ஆனால் அவன் காதில் விழும்படியே, "சாவுறதுக்குன்னு போனவனுக்கு நாம தூக்கம் முழிக்கணும்" என்று ஒருவர் சொன்னதை அவன் இன்னும் மறக்கவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் சின்னம்மா, 'தவறுதலாக நடந்தது' என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதற்குத் தலையாட்டினேன். உண்மையில், 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று சொல்கிறது. இது எனக்குத் தெரிய வந்தபோது அவன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் கழித்தும், பயத்தில் பொய் சொல்லி, அந்தப் பொய்யாலேயே சரியான சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

பிறகுதான் பாகாயம். கிறித்துவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் மனநல மையத்தை வேலூர்க்காரர்கள் பேருந்திலிருந்து பார்த்திருப்பார்கள். பலர் அந்த நிறுத்தத்தின் பெயரைக் கேலிக்கும் பயன்படுத்துவார்கள், நானும் பள்ளி நாட்களில் பயன்படுத்தியிருக்கிறேன். 1957இல், கனடாவிலிருந்து வந்த மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸின் முயற்சியில் தொடங்கப்பட்ட இடம் அது. மனநோயாளியைக் கதவுக்குள் விட்டுவிட்டுக் குடும்பம் திரும்பிப் போய்விடுவதே எங்கும் வழக்கமாக இருந்த காலத்தில், உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்ற முறையை அங்கே கொண்டுவந்தார்கள். அதே ஐம்பதுகளில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைத் தங்க வைத்தார். துணைக்கு ஆள் இருந்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறார் என்பது ஒரு பயன். அந்த நோய் என்ன, அதோடு எப்படி வாழ்வது என்பதை வீட்டார் பக்கத்திலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்னம்மாவும் நானும் மாறி மாறி மூன்று வாரம் தங்கினோம். பக்கத்தில் கொல்கத்தாவுக்கு அப்பால் ஏதோ கிராமத்திலிருந்து மகளை அழைத்து வந்த ஒரு தாய் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, சின்னம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் மாலையில் அவர் பொரியில் கடுகெண்ணெய் விட்டுக் கலந்து ஒரு கிண்ணம் தருவார், சின்னம்மா முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு மறுநாள் அதே கிண்ணத்தில் புளிச்சோறு வைத்துத் தருவார். மூன்றாம் நாள், 'தவறுதலாக' என்ற சொல்லைச் சின்னம்மா முதல் முறையாக விட்டது அந்த அம்மாளிடம்தான். புரியாத மொழிக்காரரிடம் உண்மையைச் சொல்வது எளிதாக இருந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து அழுததை நான் தண்ணீர்க் குழாய்க்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அங்கே இருந்த நாட்களில்தான் என் சொந்த வட்டாரத்தைப் பற்றிய சில செய்திகள் என் கண்ணில் பட்டன. கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி.யின் சமூக நலப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்கிறார்கள். ஓர் இறப்பு நடந்தால் வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும் பேசி உண்மையான காரணத்தைக் கண்டறிகிறார்கள். 1994 முதல் 1999 வரை அப்படிச் சேர்த்த விவரங்களின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்ட தேசிய அளவு அப்போது 10, 11 என்ற கணக்கில்தான் இருந்தது. எங்கள் ஊர்கள் மட்டும் சபிக்கப்பட்டவை என்று இதற்குப் பொருளில்லை. வயிற்றுவலி, தவறி விழுந்தது, தவறுதலாக நடந்தது என்று எழுதப்பட்ட சாவுகளை ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து விசாரித்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதே இதன் பொருள். பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களைத் தனியாகப் பார்த்தபோது, பெண் பிள்ளைகளிடையே ஒரு லட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளிடையே 58 என்று இருந்தது. 2004இல் வெளியான அந்த எண்களைப் படித்த அன்று நான் அட்டைக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தொண்ணூறுகளில் என்னோடு பள்ளிக்கு வந்து பிறகு வராமல் போன இரண்டு பெண்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு 'வயிற்றுவலி' என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அதே வட்டாரத்தில் பிற்பாடு நடந்த இன்னோர் ஆய்வு, இறந்துபோன 100 பேரைப் பற்றி விரிவாக விசாரித்தது. அவர்களில் 37 பேருக்குத்தான் மனநோய் என்று பெயர் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று இருந்தது. அதிலும் குடிநோயே முதலிடம். ஓயாத நெருக்கடி, தீராத உடல்வலி, தனியாக வாழ்வது, ஓராண்டுக்குள் ஒரு நெருங்கிய உறவு முறிந்தது ஆகியவையே ஆபத்தைக் கூட்டின. படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது, ஏனென்றால் அந்தப் பட்டியல் அப்படியே என் தம்பியின் பிப்ரவரி மாதம். மருந்தும் மருத்துவரும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தம்பி இன்றும் மாத்திரை சாப்பிடுகிறான். ஆனால் தண்டல்காரரின் வட்டிக்கும் இரவில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் மாத்திரை கிடையாது. அந்த இடத்தில்தான் உறவுக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வேலை இருக்கிறது.

என்ன வேலை என்பதற்கு நான் கண்ட விடை மிகவும் சாதாரணமானது, திரும்பத் திரும்பப் போவது. இதை நான் என் தொழிலுக்கு விளம்பரமாகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் நம் சென்னையும் ஓர் இடம். உயிரை விட முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு நிறுத்தினார்கள். மறு பாதியினரிடம், வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், அதன்பின் பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். அவ்வளவுதான். பதினெட்டு மாத முடிவில், விசாரிக்கப்படாதவர்களில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர். 2008இல் வெளியான முடிவு இது. அஞ்சலகத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் என்பதால் எனக்கு இதைவிடப் பிடித்தது சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர் ஜெரோம் மோட்டோ செய்த சோதனை. மருத்துவமனையை விட்டுப் போன பிறகு சிகிச்சையைத் தொடர மறுத்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, ஐந்து ஆண்டுகளில் இருபத்து நான்கு கடிதங்கள் அனுப்பினார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் மகிழ்ச்சி, என்பதற்கு மேல் எதுவுமில்லை. சிகிச்சைக்கு வா என்றுகூட அழைக்கவில்லை. கடிதம் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில், தற்கொலைகள் குறைந்திருந்தன.

ஆகவே நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கினேன். மற்றவர்களுக்குக் கொண்டுபோவதைப் போலவே, கடைக்காரர் தந்த பையோடு, பகல் வேளையில், தெருவே பார்க்கும்படி எடுத்துக்கொண்டு போனேன். எந்த டாக்டர், எத்தனை மாத்திரை, தூக்கம் வருகிறதா என்று கட்டில் ஓரம் உட்கார்ந்து விசாரித்தேன். தம்பி முதல் முறையாகச் சிரித்து, "நா இன்னா கொழந்த பெத்தவளாக்கா?" என்றான். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் நான்கு சாத்துக்குடியோடு வந்தாராம். ஒருவர் வழி காட்டினால் போதும், நம் மக்களுக்கு விசாரிக்கத் தெரியாமல் இல்லை.

எல்லாம் அத்தோடு சீரானது என்று எண்ண வேண்டாம். மார்கழியில் ஒரு நாள் போனபோது அவன் தாடி மழிக்காமல், பதில் சொல்லாமல், கைபேசியை அணைத்து வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பிப்ரவரியில் கேட்காமல் விட்டதை அன்று கேட்டேன். சுற்றி வளைக்கக் கூடாது என்று பாகாயத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். 'தப்பான எண்ணம் ஏதும் இல்லையே' என்று கேட்டால், இல்லை என்று சொல்லும்படி நாமே கெஞ்சுகிறோம் என்று அதன் பொருள். நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டேன், "செத்துப் போயிடலாம்னு மறுபடியும் தோணுதாடா?" என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவனுக்கும் கேட்டிருக்கும். வெகு நேரம் கழித்து, "தோணுதுக்கா" என்றான். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எதுவும் சொல்லவில்லை. அவன் பேசினான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு இருவரும் சேர்ந்து 14416 என்ற எண்ணை அழைத்தோம். அந்த அக்டோபரில்தான் தொடங்கியிருந்த, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது, கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104ஐயும் அழைக்கலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044 2464 0050. மறுநாள் காலை முதல் பேருந்தில் பாகாயம் போனோம். அழைத்த அன்றிரவு நான் தம்பி வீட்டிலேயே தங்கினேன்.

தங்கியதோடு இன்னொன்றும் செய்தேன். எங்கள் ஊர்களில் மருந்து என்றால் இரண்டு பொருள், மனிதனுக்குக் கொடுப்பது ஒன்று, பயிருக்கு அடிப்பது ஒன்று. இரண்டையும் ஒரே பரணில் வைக்கும் வீடுகளை நான் மாதாமாதம் பார்க்கிறேன். சின்னம்மா வீட்டுப் பரணில் இருந்ததை அன்றே எடுத்து, நிலத்துப் பங்காளி வீட்டில் பூட்டி வைக்கச் சொன்னோம். தம்பியின் மாத்திரைகளும் அன்று முதல் சின்னம்மாவின் பெட்டியில், வாரக் கணக்கில் எண்ணி. நினைத்தவன் எப்படியும் செய்துவிடுவான் என்று பெரியப்பா வாதிட்டார். பலர் அப்படித்தான் நம்புகிறார்கள், அது தவறு. அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணிகளிலோ தணிந்துவிடக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது ஓர் உயிரைக் காக்கும். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த தற்கொலை அளவு, பாதிக்கும் கீழே இறங்கியது. காட்டுமன்னார்கோவில் பக்கம், ஊருக்குப் பொதுவாகப் பூட்டிய பெட்டிகளை வைத்து, உழவர்கள் தங்கள் மருந்தை அங்கே வைத்து எடுக்கும் முறையைச் சினேகாவின் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பஞ்சாயத்தில் இதைச் சொன்னேன். பெட்டிக்குச் சாவி யாரிடம் என்பதில் பேச்சு நின்றிருக்கிறது.

சின்னம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஓராண்டு அவர் தூங்கவில்லை; இரவில் எழுந்து மகன் மூச்சு விடுகிறானா என்று கையை வைத்துப் பார்ப்பார். அவரை விசாரிக்கவும் யாருமில்லை. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு நான் தம்பியோடு இருப்பேன், அவர் தன் அக்கா, அதாவது என் அம்மா வீட்டுக்குப் போய் மத்தியானம் முழுக்கத் தூங்கிவிட்டு வருவார். அவருக்கென்று நாங்கள் செய்த சிகிச்சை இது ஒன்றுதான்.

பழைய ஆர்.டி. பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தம்பி பேரில் புதிதாக ஒன்று தொடங்கினேன், மாதம் நூறு ரூபாய், அறுபது மாதம். நாமினி இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்கும்போது பேனா பிடித்த என் கை கொஞ்சம் நடுங்கியது. அவன் சாதாரணமாக அம்மா பெயரைச் சொன்னான். மாதாமாதம் முதல் வாரத்தில் அட்டையோடு போகிறேன். சில மாதம் பணம் இருக்கும், சில மாதம் இருக்காது, இரண்டுக்கும் ஒரே தேநீர்தான். அவன் இப்போது ராணிப்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் தையல் வேலைக்குப் போகிறான். தண்டல் கடன் பாதி அடைந்திருக்கிறது. குடி முழுதாக நிற்கவில்லை.

போன முறை போனபோது பதினைந்தாம் தேதி தாண்டிவிட்டது, தவறு என்னுடையது, மகளுக்குக் காய்ச்சல். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். முப்பத்திரண்டாவது கட்டத்தில் நான் கையெழுத்திடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன், "நீ லேட்டா வந்துட்டு என்கிட்ட ஃபைன் கேக்குறியா? அத நீயே கட்டிக்கோ" என்றான். கட்டினேன்.